நானூற்றுப் பன்னிரண்டாவது இழுப்பு

'இழு' என்று அவர் சொல்வதற்கு முன்பே அவள் இழுத்துவிட்டாள்.

பிளக் கையோடு வந்தது. மேஜைக்கடியில் இருந்த சோதனைக் கணினி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. விசைப்பலகையில் வைத்த விரலை எடுக்காமலே அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"எனக்கு பஸ் போயிடும். நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் குனிஞ்சே நிக்கணுமா? இடுப்பு என்ன இரவல் வாங்கினதா?"

"சரி விடு. கரண்ட் போறப்ப சொல்லிட்டா போகுது?"

சிரித்தார். அவள் நோட்டை எடுத்து பென்சிலால் ஒரு கோடு போட்டாள். இழுத்தவர் கோடு போட வேண்டும், திறந்து பார்த்தவர் கோட்டின் தலையில் டிக் போட வேண்டும். அந்த அறையின் சட்டம் அது. கோட்டுக்குக் கீழே 412 என்று எழுதினாள்.

"ஒரு நிமிஷம் ஆறட்டும். வந்து பார்த்துக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடவே வந்தார். பஸ் வந்தது. அவள் ஏறினாள். திரும்பிப் போனவர், மாடிப்படியில் ஏழாவது படிக்கு மேல் ஏறவில்லை.

அது நடந்து பதினோரு வாரம் ஆகிறது.

வாராவாரம் இந்தக் கதைகள் வழியே இந்த வீட்டுக்குள் வந்து போகிற வாசகர்களுக்கு மற்றது தெரியும். இன்றுதான் வாசலில் நிற்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். அவர் ஆறு வருடமாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தார். கணினியின் டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. அதன் முதல் பக்கத்திலேயே ஒரு வாக்குறுதி இருந்தது. 'எந்த நொடியில் கரண்ட் போனாலும், ஒரு கோப்பு பழையபடி இருக்கும், அல்லது புதியபடி இருக்கும். இரண்டும் கெட்டதாக ஒருபோதும் இருக்காது.'

அந்த வாக்குறுதியைச் சோதிக்க ஆயிரம் மென்பொருள் உண்டு. அதெல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. "பொய்யா கரண்ட்டை நிறுத்தினா அது பொய்யாத்தான் பதில் சொல்லும்" என்று மனைவியைக் கூப்பிட்டு நிஜ பிளக்கை நிஜமாகவே இழுக்க வைத்தார். தினம் ஒன்றோ இரண்டோ. அவள் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். கணினி பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பிளக்தான்.

ஊர் உலகமெல்லாம் ஓடுகிற ஒரு பொது மென்பொருளில் அவருடைய ஃபைல் சிஸ்டத்தைச் சேர்க்கலாமா என்று இன்று மாலை மூன்று மணிக்கு ஒரு குழு தீர்ப்புச் சொல்லும்.

*

காலை எட்டு மணிக்கே கொழுந்தன் வந்துவிட்டான். கையில் முப்பத்து நான்கு பக்க அறிக்கை. அண்ணன் போன பிறகு அந்த வேலையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டவன் அவன்தான். கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்து, கன்னத்தில் தாடி வளர்த்து, கண்ணுக்குக் கீழே கருப்படித்துப் போயிருந்தான்.

"அண்ணி, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துட்டேன்."

"சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்றப்ப மூக்கைத் தேய்க்காத."

அவன் தட்டின் முன் உட்கார்ந்தான். அவள் சிவப்புப் பேனாவோடு பக்கங்களைப் புரட்டினாள். மூன்று ஒற்றுப்பிழை, ஒரு விட்டுப்போன முற்றுப்புள்ளி. இருபத்தெட்டாம் பக்கத்தில் பேனா நின்றது. அங்கே ஒரு சின்ன அட்டவணை. கையால் பிளக் இழுத்தது: 412. தேறியது: 412.

எழுந்து போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இதுக்கு டிக் எங்க?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "பார்த்தேன் அண்ணி."

"பார்த்துமா?"

"ஒண்ணுதானே. நானூத்திப் பதினொண்ணு தேறியிருக்கு. பன்னெண்டாவது மட்டும் என்ன, முரண்டு பிடிக்கப் போகுதா?"

"ஒரு பக்கத்தைப் படிக்காம படிச்சேன்னு கையெழுத்துப் போட்டா எங்க ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க தம்பி."

குளியலறையிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷோடு மகள் எட்டிப் பார்த்தாள். பல் மருத்துவம் படிக்கிறாள். அதனால் வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அந்தப் படிப்பு ஆரம்பித்ததிலிருந்து பல் துலக்க இருபது நிமிடம் ஆகிறது.

"என்ன பஞ்சாயத்து காலைலயே?"

சித்தப்பா சொன்னான். கேட்டுக்கொண்டே இருந்தவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது."

"யாரு தொடப் போறாங்க?"

"இப்ப இவர் ஆன் பண்ணிப் பார்க்கலாம்னுதான் சொல்லுவார். அப்பா எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே இருக்கு அது. நான் பெருக்கறப்பகூட அந்த பிளக்கைத் தள்ளாம சுத்திப் பெருக்கறேன்."

அது உண்மை. அறையில் எல்லா இடமும் சுத்தம். தரையில் கிடந்த பிளக்கைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய தூசி வளையம். பதினோரு வாரத் தூசி.

கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஆன் பண்ணினா அது தானாவே தன்னைச் சரிபார்த்து ஒழுங்கு பண்ணிக்கும். அப்புறம் அண்ணன் விட்ட நிலை இருக்காது. அதுவும் நிஜம்தான்."

இன்று குழு ஏற்காவிட்டால் அந்த வேலை 'அலமாரிக்கு' அனுப்பப்படும் என்பது மூவருக்கும் தெரியும். எழுதியவர் இல்லாத மென்பொருளை அப்படித்தான் செய்வார்கள். யாரும் குப்பையில் போட மாட்டார்கள். யாரும் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். ஆறு வருடம் ஒரு மனிதர் தூங்காமல் கிடந்ததற்கு அது போதுமா என்று அவளுக்குத் தினமும் தோன்றியது. அந்த வேலை ஊர் உலகமெல்லாம் ஓடினால் அவரில் கொஞ்சமாவது எங்கேயோ நடமாடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"மூலப்பிரதில கை வைக்கறதுக்கு முன்னாடி நாங்க ஒரு படி எடுத்து வச்சுப்போம்" என்றாள். "டிஸ்க்குக்கும் அப்படி எடுக்கலாமா?"

கொழுந்தன் தலை நிமிர்ந்தான். "எடுக்கலாம். டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டி, எழுதாம படிக்க மட்டும் செஞ்சு, அச்சு அசலா ஒரு படி எடுக்கலாம். படியை மட்டும் திறக்கலாம்."

"பிளக்?"

"பிளக்கைத் தொட வேண்டாம்."

டாக்டரம்மா ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு வந்தாள். "நான் கழட்டறேன். கடைவாய்ப் பல்லுன்னு நெனச்சுக்கறேன்."

*

படி எடுத்து முடியப் பகல் பன்னிரண்டு ஆனது. நீலப் பட்டை ஒன்று திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அவள் ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னாள்.

படியைத் திறந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. கோப்புகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கருவியை ஓட்டிவிட்டு கொழுந்தன் விசில் அடிக்க வாயைக் குவித்தான். விசில் வரவில்லை.

"என்ன?"

"ஒரு கோப்பு மட்டும்... பேர் இருக்கு. நீளம் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் சைபரா இருக்கு."

"எந்தக் கோப்பு?"

"அண்ணன் ஒவ்வொரு தடவையும் கையால திறந்து ஒரு வரி சேர்த்து சேவ் பண்றது. சேவ் பண்ணிட்டுத்தான் 'இழு'ன்னு சொல்வார்."

பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அந்த வாக்குறுதியில் எது நடக்கவே நடக்காது என்று எழுதியிருந்ததோ, அது.

"அன்னைக்கு நான் அவர் சொல்றதுக்கு முன்னாடியே இழுத்துட்டேன்."

இதுவரை அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இருவரும் அவளையே பார்த்தார்கள். பஸ் கதையைச் சொன்னாள். குனிந்து நின்றது, பட்டன் சத்தம் கேட்டவுடனே கை இழுத்துவிட்டது, அவர் சிரித்தது எல்லாம்.

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். "புரியுது. சேவ் பண்ணினதும் புதுக் கோப்புக்குப் பேர் உடனே மாறிடுது. உள்ள இருக்க வேண்டியது டிஸ்க்குக்குப் போய்ச் சேர ரெண்டு மூணு விநாடி ஆகுது. அட்டையை முதல்ல ஒட்டிட்டு, தாளெல்லாம் அப்புறமா அச்சாகி வர்ற மாதிரி. அண்ணன் சேவ் பண்ணி, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, அப்புறம்தான் சொல்வார். அதுக்குள்ள தாள் வந்து சேர்ந்திருக்கும்."

"ஆமா. கண்ணாடியைத் துடைப்பார்" என்றாள் மகள்.

"பத்து வரி மாத்தினா சரியாயிடும். ஆனா இன்னைக்கு முடியாது. சோதிக்கவே வாரக்கணக்கா ஆகும்." எழுந்து நடந்தான். நின்றான். "அண்ணி, ஒண்ணு செய்யலாம். அட்டவணையில நானூத்திப் பதினொண்ணுன்னு போடறேன். இழுத்தது நானூத்திப் பதினொண்ணு, தேறியது நானூத்திப் பதினொண்ணு. இதுல பொய் எங்க இருக்கு? பன்னெண்டாவதைப் பத்திப் பேச்சே எடுக்கல, அவ்வளவுதான். ஏத்துக்கட்டும். அடுத்த மாசமே திருத்தி அனுப்பிடறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவன் அட்டவணையைத் திருத்தினான். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நகத்தைக் கடித்தாள்.

*

மூன்று மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. இருவர் இளையவர்கள். மூன்றாமவர் நரைத்த தலை, மடித்த சட்டைக் கை. அவரைத்தான் இந்த வீட்டில் ஊசி மாமா என்பார்கள். எந்தப் பலூனைக் கொண்டுபோனாலும் குத்திப் பார்ப்பவர். நான்கு வருடமாக அவருடைய கடிதம் வந்தால், "ஊசி வந்திருக்கு, கையை நீட்டுங்க" என்று மகள் கத்துவாள். முகத்தை இன்றுதான் பார்க்கிறார்கள்.

அவள் கேமராவுக்குத் தெரியாமல் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு.

ஒரு மணி நேரம் கேள்விகள் பறந்தன. கொழுந்தன் நன்றாகவே பதில் சொன்னான். இளையவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். ஊசி மாமா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் கேட்கணும். இருபத்தெட்டாம் பக்கம். நேத்து நீங்க அனுப்பின வரைவில நானூத்திப் பன்னெண்டுன்னு இருந்தது. இப்ப நானூத்திப் பதினொண்ணு. ஒண்ணு எங்க போச்சு?"

கொழுந்தன் மூக்கைத் தேய்த்தான்.

"அது வந்து... எண்ணினதுல ஒரு தப்பு சார்."

அவள் எழுந்தாள். முக்காலி கிரீச்சிட்டது. கொழுந்தன் மேஜைக்கடியில் கையை அசைத்து வேண்டாம் என்றான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எண்ணினதுல தப்பில்லைங்க. பன்னெண்டாவதை இழுத்தது நான். சொல்லாம இழுத்துட்டேன். இன்னைக்குத்தான் திறந்து பார்த்தோம். தேறல."

நோட்டை விரித்துத் திரையில் காட்டினாள். தலையில் டிக் இல்லாத அந்தக் கோட்டை. பிறகு பஸ்ஸையும் கண்ணாடி துடைப்பதையும் சொன்னாள். அதற்குமேல் கொழுந்தனே பேசினான். பெயர் முந்திக்கொள்வதையும், உள்ளிருப்பது பிந்துவதையும், பத்து வரித் திருத்தத்தையும் தலையைக் குனிந்தபடியே விளக்கினான்.

ஊசி மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா உங்க வீட்டுக்காரர் நானூத்திப் பதினோரு தடவை சோதிக்கல அம்மா. ஒரே தடவையைத்தான் நானூத்திப் பதினோரு தடவை சோதிச்சிருக்கார்."

குத்தியது. அவள் நோட்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ரெண்டாவது சோதனை நீங்க பண்ணினது" என்றார் அவர். "இன்னைக்கு இதைச் சேர்க்க முடியாது."

"அலமாரியா சார்?" என்றான் கொழுந்தன்.

"கோளாறு எங்கன்னு தெரியாத வேலையைத்தான் அலமாரிக்கு அனுப்புவோம். ஆறு வாரம் எடுத்துக்குங்க. திருத்துங்க. அப்புறம் நூறு தடவை பிளக்கை இழுத்துக் காட்டுங்க. ஆனா ஒரு நிபந்தனை. இந்தம்மாதான் இழுக்கணும். அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப. யாரும் 'இழு'ன்னு சொல்லக் கூடாது."

"சரின்னு சொல்லுங்க அண்ணி" என்று கொழுந்தன் வாய்க்குள் முனகினான்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் அவள்.

*

திரை அணைந்ததும் கொழுந்தன் வெடித்தான். "இன்னைக்கே அண்ணன் பேர் அதுல ஏறியிருக்கும்."

"ஏறியிருக்கும். எங்கயோ ஒரு வீட்ல கரண்ட் போன அன்னைக்கு எவளோ ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லியே சபிச்சிருப்பா. உங்கண்ணனுக்கு அது வேணுமா?"

அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. கோபத்தில்தான் தட்டுகிறான் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், "அண்ணி, இங்க வாங்க" என்றான். குரல் மாறியிருந்தது.

புதுக் கோப்பு வெறுமையாகிவிட்டாலும், பழையது இருந்த இடத்தைப் படியில் தேடிப் பிடித்திருந்தான். காலி என்று போர்டு மாட்டியிருந்ததே தவிர, அங்கே இன்னும் யாரும் குடிவரவில்லை. நானூற்றுப் பதினோரு வரிகளும் அப்படியே கிடந்தன. சோதனைக்காக எதையோ தட்டியிருப்பார் என்றுதான் அவனும் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

டாக்டரம்மா உரக்கப் படித்தாள்.

"முப்பத்தேழு. இவளுக்கு ஆபீசுக்கு நேரமாகிறது. முதுகுக்குப் பின்னால் முறைப்பது தெரிகிறது." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நூற்றுப் பதினெட்டு. பிளக்கை இழுக்கக் கூப்பிட்டேன், காதை இழுத்தாள். அம்மா!"

"படி, படி."

"இருநூற்று அறுபது. மழை. துணி எடுக்க ஓடிவிட்டாள். நானே இழுத்துக்கொள்ள வேண்டும், சுவாரசியம் இல்லை. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. டாக்டரம்மா பரீட்சைக்கு அழுகிறாள். போய்ச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை, இங்கே உட்கார்ந்து தட்டுகிறேன்."

அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். சித்தப்பா திரையை எட்டிப் பார்த்து மிச்சத்தைத் தானே படித்தான்.

"நானூற்றுப் பதினொன்று. இன்று சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடித்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் நிறுத்திவிடுவாள்."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பன்னெண்டு?" என்று கேட்டாள் அவள், தெரிந்தே.

"அது டிஸ்க்குக்கே வந்து சேரல அண்ணி. எங்கயும் இல்ல. இனிமே எதை வச்சும் எடுக்க முடியாது." திரையின் ஓரத்தில் ஒரு கழித்தல் போட்டான். "நீளம் மட்டும் பதிவாகியிருக்கு. புதுக் கோப்போட நீளத்துல பழையதைக் கழிச்சா அறுபத்தெட்டு பைட் வருது. வரி எண்ணுக்கும் அதுக்கடுத்த கோட்டுக்கும் அஞ்சு போச்சுன்னா, தமிழ் எழுத்து ஒண்ணுக்கு அஞ்சாறு பைட், மிச்சம் ஒரு பத்துப் பன்னெண்டு எழுத்து. ரெண்டு வார்த்தை. மிஞ்சிப் போனா மூணு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள். கூடிப்போனது. இன்னொன்றை முணுமுணுத்தாள்.

"விடும்மா" என்றாள் அம்மா. "எதைப் போட்டாலும் அது நீ எழுதினதாத்தான் இருக்கும்."

நோட்டை விரித்து, 412க்கு மேலே பென்சிலைக் கொண்டுபோனாள். தேறினதற்கு டிக் உண்டு. தேறாததற்கு என்ன போடுவது என்று அவர் சொல்லித் தந்ததில்லை. தேவைப்பட்டதே இல்லை. பென்சிலை வைத்துவிட்டாள்.

கொழுந்தன் டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியில் பொருத்திவிட்டுக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டியபடி, "அந்த நூறு..." என்று இழுத்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்ல?"

அவன் போன பிறகு அறைக்குள் வந்தாள். பிளக் தரையில் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரோடு மண்டியிட்ட மகளின் முட்டி பட்டு, தூசி வளையம் ஓர் இடத்தில் அழிந்திருந்தது. குனிந்தாள். தொடவில்லை. நிமிர்ந்து, அவன் அணைக்காமல் விட்டுப்போன திரையைப் பார்த்தாள். அந்தக் கோப்பின் பெயர், பதினோரு வாரத்துக்கு முந்தைய ஒரு காலை ஒன்பது மணி, ஒரு நீளம்.

கீழே ஓரத்தில் கொழுந்தன் போட்ட கழித்தல் இருந்தது. அவள் அதைப் பிழை திருத்துகிற கண்ணோடு, பேனா இல்லாமல், இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.

அறுபத்தெட்டுதான் வந்தது.